ஏழாம் நம்பர் சுவரில் முளைத்த பெரணி

நவமணி, தோட்டத்தை நடத்தும் துரையின் ஆள், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளை இடிக்கத்தான் படம் பிடிக்கிறாள் என்று 1978இல் எங்கள் எஸ்டேட் முழுக்கப் பேச்சு. அதில் பாதியைப் பரப்பியவன் நான். அதனால் நடந்ததைச் சொல்லும் கடமையும் எனக்குத்தான்.

நவமணி, கொழுந்து பறிக்கும் காளியம்மாவின் மகள். தானா ராத்தா டவுனில் ஒரு சீனரின் ஸ்டூடியோவில் படம் கழுவும் வேலை. முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. ஊர் வாய்க்கு இதுவே போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளியின் பழைய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டவுனில் சுற்றுவாள். பஸ் ஸ்டேஷன் சிமெண்டுத் தரையைப் பிளந்து வந்த புல், சாக்கடைக் கம்பி இடுக்கில் காய்த்த தக்காளி, இதையெல்லாம் குந்தி உட்கார்ந்து எடுப்பாள். ஆளை மட்டும் எடுக்க மாட்டாள்.

எங்களுக்குத் தெரிந்து படம் என்றால் ஐசி அடையாள அட்டைக்கு, கல்யாணத்துக்கு, செத்தவருக்கு மாலை போட. சுவரைப் படம் எடுத்தவன் ஒரே ஒருவன்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் எஸ்டேட் ஆபீஸிலிருந்து வந்தவன். அவன் எடுத்துப் போன இரண்டாம் மாதம் மேல் லயம் தரைமட்டம். அங்கிருந்தவர்கள் கம்போங் ராஜா பக்கம் காய்கறித் தோட்டங்களுக்குச் சிதறிப் போனார்கள்.

அப்படியிருக்க, நவமணி மாதம் தவறாமல் ஏழாம் நம்பர் வீட்டுச் சுவர் முன்னால் வந்து குந்தினால் எப்படியிருக்கும்? அது சிங்காரத்தின் வீடு. கதவை ஒட்டிச் சுவரில் ஒரு விரிசல், அதில் ஒரு பெரணிச் செடி.

"இந்தா புள்ள, எதுக்கு எஞ்சுவத்த எடுக்குற?"

"செடியத்தான் மாமா எடுக்குறேன். மாசம் ஒண்ணு, பன்னெண்டு மாசம். முழுசா முடிச்சா கடைக் கண்ணாடிப் பெட்டியில மாட்டுறேன்னு மொதலாளி சொல்லிருக்காரு. ஒண்ணு கொறஞ்சாலும் மாட்ட மாட்டாராம்."

"கல்யாணப் பொண்ணு படம் மாட்டுற எடத்துல பெரணியா? யாருகிட்ட லா கத விடுற?"

அவள் போனதும் நான் சிங்காரத்தின் பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணே, படத்துல கதவு நம்பரும் சேந்து விழும், கவனிச்சீங்களா?" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

பதினோராம் படம் எடுத்துப் போன மறுநாள், சிங்காரம் பாராங் கத்தியால் பெரணியைச் சுரண்டி எறிந்துவிட்டு, விரிசல்மேல் சிமெண்டைப் பூசினார். விரிசல் இல்லாத வீட்டை எவன் இடிப்பான் என்பது அவர் நினைப்பு. அவரைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் சுவரில் முளைத்ததையெல்லாம் சுரண்டினார்கள். ஒரே வாரத்தில் லயமே மொட்டை போட்டுக்கொண்டது போலிருந்தது.

அடுத்த மாதம் நவமணி வந்தாள். சிமெண்டைப் பார்த்தாள்.

"பதினோரு மாசம் மாமா," என்றாள். 

அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் குந்தினாள். சிங்காரம் சிமெண்டில் மணலை அள்ளிப் போட்டிருந்தார். வேரும் உள்ளேயே கிடந்தது. பூச்சின் ஓரத்தை வெடித்துக்கொண்டு, சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பச்சைச் சுருள் ஒன்று வெளியே வந்திருந்தது. எங்கள் யார் கண்ணிலும் அதுவரை படவில்லை.

"நகருங்க மாமா, ஒங்க காலு விழுது."

அவர் நகரவில்லை. கையில் பாராங் வேறு இருந்தது. நவமணி காலோடு சேர்த்தே எடுத்துக்கொண்டு போனாள்.

தீபாவளிச் சாமான் வாங்க டவுனுக்குப் போனபோது பார்த்தோம். கண்ணாடிப் பெட்டியில் பன்னிரண்டு படம். கடைசிப் படத்தின் மூலையில் சிங்காரத்தின் சிலிப்பர் கால். லயம் அதுவரை இடிபடவில்லை. ஆனாலும் அவர் கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்று, ஒவ்வொரு படத்திலும் ஏழாம் நம்பரைத் தேடினார். எல்லாவற்றிலும் இருந்தது.

நவமணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இப்பவாச்சும் உண்மையச் சொல்லு புள்ள. தொரதான எடுக்கச் சொன்னாரு?"

"ஒங்க வீட்ட இடிக்க தொரைக்கு எம்படம் வேணுமா மாமா? ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டா முடிஞ்சிச்சு. ஒங்க வீட்ட நான் எடுக்கவே இல்ல. பெரணிய எடுத்தேன். வீடு குறுக்க வந்துருச்சு."