டிரா வந்த வெள்ளிக்கிழமை

என் மனைவிக்கும் அவள் தம்பிக்கும் டென்னிஸ் என்றால் உயிர். ஒவ்வொரு ஜூன் மாதமும் லண்டன் புல்தரைப் போட்டியின் ஆட்டப் பட்டியலான டிரா வெளியாகும் வெள்ளிக்கிழமை, அவன் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து கே.கே. நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். முன்னணி வீரர்களுக்குத் தரும் சீடிங் வரிசையில் தங்கள் அபிமான வீரனுக்கு எந்த இடம், யார் யாரோடு மோத வேண்டும் என்று சாப்பாடு ஆறும்வரை இருவரும் சண்டை போடுவார்கள். எனக்கு அதில் ஆர்வம் கிடையாது.

இந்த வருடம் மே மாதம் அவள் இறந்துபோனாள். ஜூனில் டிரா வந்தது. அவனும் வந்தான்.

சோபாவில் உட்கார்ந்து வெகுநேரம் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நம்ம ஆளுக்கு எட்டாம் சீடு குடுத்திருக்காய்ங்க மாமா. ரேங்க்படி பாத்தா சரிதான்" என்றான்.

வருடா வருடம் காதில் விழுந்ததை என் வாய் தானாகச் சொன்னது. "ரேங்க்க மட்டும் பாத்தா எப்பிடி? புல்லுல எவன் நல்லா ஆடுறான்னு பாக்க வேணாமா?"

"அதெல்லாம் அந்தக் காலம்க்கா" என்று வேகமாகச் சொன்னவன், அப்படியே நிறுத்திவிட்டான். கண்களைத் துடைத்துக்கொண்டான்.

எனக்கு அழுகை வரவில்லை. அவள் போனதிலிருந்தே எதுவும் வரவில்லை. "அவனுக்கு மொத ஆட்டம் யாரோட?" என்று கேட்டேன். அவன் செல்போனை என் பக்கம் திருப்பி விளக்க ஆரம்பித்தான். தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் மனதில் ஏறவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று, "திங்கக்கெழம மேட்ச் ஆரம்பம். வாரேன் மாமா" என்றான்.

"வா" என்றேன்.