குணமானவர்களுக்கு மன்றாட்டு இல்லை

எமில்டாவைக் கடவுள் ஏற்கெனவே ஒருமுறை குணமாக்கிவிட்டார். அதனால் இரண்டாம் முறை நோய்வாய்ப்பட அவளுக்கு அனுமதி இல்லாமல் போயிற்று. இது வேதத்தில் உள்ள சட்டமல்ல. தூத்துக்குடி தெற்குத் தெருவில் வியாழக்கிழமைதோறும் கூடும் ‘நம்பிக்கை நட்சத்திரம்’ ஜெபக்குழுவின் சட்டம்.

எமில்டாவுக்கு ஐம்பத்தொரு வயது. நண்டுக் கம்பெனியில் அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கும் வேலை. இருபத்திரண்டு வருஷம் ஓடு உடைத்ததில் விரல் ரேகை தேய்ந்துபோய், ரேஷன் கடை மெஷின் அவளை ஓர் ஆளாகவே ஒப்புக்கொள்வதில்லை. கணவர் ஜோன்ஸுக்குத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் பக்கம் வேலை. பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கோயில் வாசல்வரை வண்டியில் கொண்டுவிட்டு, பூசை முடியும்வரை எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். பதினோரு வருஷமாக அதுதான் அவருடைய ஞாயிறு ஆசரிப்பு. உள்ளே வந்தால் என்ன என்று யாராவது கேட்டால், “வீட்டுக்கு ஒரு ஆளு போதும்” என்பார்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் எமில்டாவின் மார்பில் கட்டி வந்தது. திருநெல்வேலியில் ஆபரேஷன், பிறகு ஊசி மருந்து. தலைமுடி கொட்டியது. கோயில் கோபுரத்து ஒலிபெருக்கி தெற்குத் தெருவைப் பார்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. பூசைக்கு வராதவனையும் பூசை விடக்கூடாது என்ற ஏற்பாடு. படுத்துக் கிடந்த எமில்டா அதில்தான் தன் பெயரைக் கேட்டாள். “நோயுற்றோருக்காக, குறிப்பாக எமில்டாவுக்காக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.” உடனே உள்ளே இருந்த கூட்டம் மொத்தமும், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது.

“எண்ணூறு பேரு என் பேருக்கு வாயத் தொறந்தாவ, பாத்தீயளா?” என்றாள் ஜோன்ஸிடம். “நம்ம கல்யாண ஓலையக் கோயில்ல வாசிச்சப்பகூட இப்பிடிச் சத்தம் வரல.”

அதன்பின் ஏழெட்டு மாதம், வாந்திக்கும் மயக்கத்துக்கும் நடுவில், அந்த ஒற்றை வரிக்காகவே ஒவ்வொரு ஞாயிறுவரையும் இழுத்துப் பிடித்திருந்தாள்.

அந்த மன்றாட்டுத் தாளை எழுதுபவர் கிளாடிஸ் டீச்சர். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, ஜெபக்குழுவின் தலைவி. எமில்டாவுக்காக நாற்பது நாள் ஒருவேளை உபவாசம் இருந்தவர். தினமும் கஞ்சி கொண்டுவந்தவர். வாந்தி எடுத்த சட்டியை முகம் சுளிக்காமல் கழுவி வைத்தவர். கிளாடிஸ் டீச்சருக்கு அன்பு இல்லை என்று சொல்ல யாராலும் முடியாது. சிக்கலே அங்கேதான் இருந்தது.

எமில்டா எழுந்து நடந்தாள். முடி முளைத்தது. ஜெபக்குழுவில் சாட்சி சொல்ல மேடை ஏற்றினார்கள். முதல் சாட்சியில் திருநெல்வேலி டாக்டர் இருந்தார்.

“டாக்டர் பேரு எதுக்குளா?” என்றார் டீச்சர். “சாட்சின்னா சுருக்கமா இருக்கணும்.”

இரண்டாம் சாட்சியில் டாக்டர் போய்விட்டார். மூன்றாவதில் ஊசி போனது. நான்காவதில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், எமில்டாவே ஒரு வெளிச்சத்தைச் சேர்த்தாள். ராத்திரி மூன்று மணிக்கு அறை முழுக்கப் பால்போல ஒரு வெளிச்சம் பரவியதாம். கேட்ட பெண்கள் அழுதார்கள். நண்டு உடைக்கிறவள் பேச்சைக் கேட்டு அதற்கு முன் யாரும் அழுததில்லை. வெளிச்சம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

குணமளிக்கும் பெருவிழாவுக்குக் கோயில் முக்கில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் எமில்டா இரண்டு பேர். இடது பக்கம் மொட்டைத் தலையோடு குழிவிழுந்த கண்கள். வலது பக்கம் மல்லிகைப்பூவும் சிரிப்பும். பெருவிழா முடிந்தும் அதை இறக்கவில்லை. அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்று விட்டுவைத்தார்கள்.

இந்தத் தவக்காலத்தில் நோய் திரும்பி வந்தது. இம்முறை முதுகெலும்பில். எமில்டா நேரே கிளாடிஸ் டீச்சர் வீட்டுக்குப் போனாள்.

“மறுபடி வந்திருக்குன்னு சொல்லுதாங்க டீச்சர்.”

“யாரு சொல்லுதா?”

“டாக்டரு.”

“அவரு சொல்லுவாரு. ஆண்டவர் சொன்னாரா?”

இரண்டு பேரில் ஒருவர்தான் ஸ்கேன் எடுத்திருந்தார். “மன்றாட்டுல மட்டும் என் பேரச் சேத்துருங்க டீச்சர். முன்னப்போல மாசக்கணக்குல வேண்டாம். ஒரே ஒரு ஞாயித்துக்கெழம போதும். கேட்டுட்டு நான்பாட்டுக்குப் போயிருவேன்.”

டீச்சர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ஏளா, யோசிச்சுப் பேசு. வெளிய முக்குல நீ பூ வச்சிச் சிரிச்சிக்கிட்டு நிக்க. உள்ள உன்னிய நோயாளின்னு வாசிக்கவா? அது கெடக்கட்டும். ஜெர்லினுக்கு என்ன பதில் சொல்லுவ?”

ஜெர்லின் அதே தெருவில் இருப்பவள். இருபத்தொன்பது வயது, இரண்டு சின்னப் பிள்ளைகள், இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். பெருவிழா நோட்டீஸிலும் இருந்த எமில்டாவின் அதே இரட்டைப் படத்தை வெட்டி, செல்போன் உறைக்குள் வைத்திருந்தாள்.

“அவ உன் மொகத்தப் பாத்துத்தான் கையில ஊசி குத்த விடுதா,” என்றார் டீச்சர். “நீ விழுந்தா அவ விசுவாசம் போவும். விசுவாசம் போனா நம்பிக்க போவும். நம்பிக்க போன பிள்ள எத்தன நாளைக்கு இருப்பா? ரெண்டு பச்சப்பிள்ளைய வச்சிருக்கா. அவமேல உனக்கு அன்பு இருந்தா வாய மூடிக்கிட்டு இரி.”

விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்று ஞாயிறு மறைக்கல்வியில் டீச்சர் முப்பது வருஷம் படம் வரைந்து பாடம் நடத்தியிருக்கிறார். அந்தச் சங்கிலி ஓர் ஆளைக் கட்டிப்போடவும் போதுமான நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எமில்டா வாயை மூடிக்கொண்டாள். மறுபடி போட்ட ஊசி மருந்தில் மறுபடி முடி கொட்டியது. அவளுக்கு முதுகுவலி என்று தெருவுக்குச் சொல்லப்பட்டது. முதுகுவலிக்கு யார் கஞ்சி கொண்டுவருவார்கள்? நோயாளியைப் பார்க்கப் போனால் ஹார்லிக்ஸ் வாங்கிப் போகலாம். குணமானவளைப் பார்க்க என்ன வாங்குவது? யாரும் வரவில்லை. ஜோன்ஸ்தான் லீவு போட்டுக் குளிப்பாட்டினார், கரி படிந்த நகத்தோடு சோறு பிசைந்து ஊட்டினார். கிளாடிஸ் டீச்சர் ஒரே ஒருமுறை வந்தார். தலையில் கட்டிக்கொள்ள ஒரு பூப்போட்ட துணியைக் கொடுத்து, தெருப்பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, உண்மையாகவே அழுதுவிட்டுப் போனார்.

ஜோன்ஸ் பதினோரு வருஷத்துக்குப் பின் கோயில் வளாகத்துக்குள் நுழைந்து, புதிதாக வந்திருந்த பங்குச்சாமியாரைப் பார்த்தார்.

“மன்றாட்டுல ஒரு பேரு சேக்கணும் சாமி.”

“தாராளமா,” என்றார் சாமியார். “கிளாடிஸ் டீச்சர்ட்ட குடுத்துருங்க. லிஸ்ட் அவங்கதான் பாக்காங்க.”

ஜோன்ஸ் டீக்கடைக்குத் திரும்பினார்.

வைகாசியில் எமில்டா எழுந்து உட்காரவும் முடியாமல் ஆனாள். ஒரு வெள்ளிக்கிழமை ஜெர்லின் கதவைத் தட்டினாள். ஆறு வியாழக்கிழமையாக எமில்டாவின் சாட்சி இல்லாமல் கூட்டம் நடந்ததில் அவளுக்குச் சந்தேகம்.

“முதுகு வலி, பிள்ள,” என்றாள் எமில்டா, ஒப்பித்ததுபோல. தலையில் கட்டியிருந்த துணி தலையணையில் உரசி நழுவியது. ஜெர்லின் செல்போன் உறையைக் கழற்றி, அந்தப் படத்தை எடுத்தாள்.

“எக்கா, நீங்க இப்ப எடது பக்கத்துப் போட்டோ மாதிரில்லா இருக்கிய.”

எமில்டா அழத் தொடங்கினாள். “உனக்குத் தெரியப்படாதுன்னுதான் பிள்ள வாயத் தொறக்கல. நான் பாவி. வெளிச்சம்லாம் ஒண்ணும் வரல. ட்யூப்லைட்டுதான் எரிஞ்சிச்சி. அந்தப் பொய்க்குத்தான் ஆண்டவரு திருப்பிக் குடுத்திட்டாரு.”

“அது எனக்குத் தெரியுமே. மொத மூணு சாட்சில வெளிச்சமே கெடையாது.”

“பெறவு எதுக்குளா நம்புன?”

“மொட்டத்தலையோட கெடந்த ஆளு எந்திரிச்சி நின்னு கத விடுதாவளே, அது போதாதா?”

முதுகெலும்பு வலிக்க வலிக்க எமில்டா சிரித்தாள். ஜெர்லின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் ஊசி குத்தி வீங்கிய கையை அவள் நெற்றியில் வைத்தாள். என்ன வேண்டும் என்று கேட்டாள். எமில்டா வேண்டியதைச் சொன்னாள்.

“இந்த ஞாயித்துக்கெழம மன்றாட்டு வாசிக்கது நான்தான்,” என்றாள் ஜெர்லின். “ஜன்னலத் தொறந்து வைங்க.”

அந்த ஞாயிறு ஜோன்ஸ் டீக்கடைக்குப் போகவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு, எமில்டாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கி வாசகங்களைச் சொன்னது, பிரசங்கத்தைச் சொன்னது, விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னது. பிறகு ஜெர்லினின் குரல் வந்தது. திருத்தந்தைக்காக, நாட்டை ஆள்பவர்களுக்காக, கடல் தொழிலாளர்களுக்காக. “நோயுற்றோருக்காக, குறிப்பாக...”

அத்தோடு ஒலிபெருக்கி நின்றுவிட்டது.

கோயிலுக்குள்ளே நடந்தது வேறு. தாளில் இருந்த பெயர்கள் தொடங்குமுன் ஜெர்லின் தலையை நிமிர்த்தியதும், முன்வரிசையில் இருந்த கிளாடிஸ் டீச்சருக்குப் புரிந்துவிட்டது. தாளில் இருப்பதை வாசிக்க எந்தப் பிள்ளையும் தலையை நிமிர்த்தாது என்பது அவருடைய முப்பது வருஷ அனுபவம். மைக் பெட்டியருகே நின்ற கோயில்பிள்ளை ரோச்சைப் பார்த்துக் கையை ஒரு சுழற்று சுழற்றினார். ரோச்சும் மைக் பெட்டியின் குமிழைச் சுழற்றினார். மைக் செத்தது. ஜெர்லின் மூச்சை இழுத்துப் பிடித்து, வெறும் தொண்டையில் கத்தினாள்.

“மறுபடியும் நோயில் கெடக்குற எமில்டாவுக்காக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்!”

பிறகு எண்ணூறு பேரும், பழக்கத்தில், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றார்கள். அதில் தனியாக மேலே எழும்பியது கிளாடிஸ் டீச்சரின் குரல். மைக்கை அணைக்கச் சொன்ன கை இன்னும் இறங்கியிருக்கவில்லை. வாய் அதுபாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துவிட்டது.

தெற்குத் தெருவுக்கு இதில் ஒரு சொல்லும் வந்து சேரவில்லை.

எமில்டா கண்ணை மூடியிருந்தாள். “கரண்ட் போயிருச்சா?” என்றாள்.

ஜோன்ஸ் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

“இல்லையே.”

“பெறவு? வாசிச்சாங்களா?”

வாசிக்கவில்லை என்றுதான் ஜோன்ஸ் நம்பினார். கடைசியில் அந்தப் பிள்ளையையும் அடக்கிவிட்டார்கள் என்று நினைத்தார். “வாசிச்சிட்டாங்களே. நீதான் கண்ணசந்துட்ட.”

“எல்லாரும் சொன்னாங்களா?”

“எல்லாருந்தான். டீச்சர் சத்தந்தான் பெருசாக் கேட்டுச்சி.”

“அது பெரிய வாயில்லா,” என்றாள் எமில்டா. அதற்குமேல் பேசவில்லை.

பூசை முடிந்ததும் ஜெர்லினை நிறுத்தி வைத்துக் கீழ்ப்படிதலைப் பற்றி அரைமணி நேரம் சொல்லி அனுப்பினார்கள். அவள் ஓடிவந்து சேர்ந்தபோது, ஜோன்ஸ் எமில்டாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நான் வாசிச்சேன். மைக்க அமத்திட்டாவ. ஆனா உள்ள எல்லாரும் சொன்னாவ. டீச்சர்தான் எல்லாரையும்விடச் சத்தமா.”

ஜோன்ஸின் கை நின்றது. தான் சொன்ன பொய் முழுவதும் நடந்திருக்கிறது. நிஜத்திலேயே கேட்டிருக்க வேண்டியதை எமில்டா ஒரு பொய்யாக வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவர் முடிச்சை இறுக்கினார்.

மறுநாள் அடக்கம். வழக்கமாகச் சவ வண்டி கோயில் முக்கு வழியாகத்தான் வரும். ஃப்ளெக்ஸ் அங்கே சிரித்துக்கொண்டிருந்ததால், பின்தெரு வழியாகச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். முதல் வரிசையில் ஜோன்ஸ் உட்கார்ந்திருந்தார், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல். மன்றாட்டு வாசிக்க கிளாடிஸ் டீச்சரே எழுந்து போனார். அழுது கண்கள் சிவந்திருந்தன. “இறைவனடி சேர்ந்த நம் அன்புச் சகோதரி எமில்டாவுக்காக” என்று அவர் தொடங்கியதும், ஒலிபெருக்கி அந்தப் பெயரைத் தெரு தெருவாகக் கொண்டுபோனது. இப்போது அந்தப் பெயரால் யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை.

ஜோன்ஸ் எழுந்தார். சவப்பெட்டியைத் தாண்டி, மைக் பெட்டி இருந்த மூலைக்குப் போய், குமிழைத் திருகி மைக்கை அணைத்தார்.

“ஏலே ஜோன்ஸு, என்ன செய்யுத?” என்றார் ரோச், பதறிப்போய்.

“இருக்கட்டும் அண்ணாச்சி. தெற்குத் தெருவுல இனிமே கேக்க ஆளில்ல.”