அத்தை சொன்ன இல்லைகள்

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விடுமுறைக்குப் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஜார்ஜ் டவுனில் இருந்த மாமா வீட்டுக்கு வந்திருந்தேன். மாமாவுக்கு டாக்டர் என்றாலே ஆகாது. நெஞ்சு வலித்தால் "காத்துதான்" என்று தைலத்தைத் தேய்த்துக்கொள்வார். அன்று காலையும் அப்படித்தான். சட்டை நனைய வியர்த்துக் கொட்டியது.

"அத்தைகிட்ட சொல்லாதே லா. ஆஸ்பிட்டல்னு கிளப்பிடுவா" என்றார். பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கித் தருவதாகப் பேச்சு. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மத்தியானம் சோற்றுத் தட்டின் முன்னாலேயே சரிந்தார்.

அவசரப் பிரிவில் இருந்த தமிழ் டாக்டர் சின்னப் பெண். மாமாவின் நெஞ்சில் வயர்களை ஒட்டிக்கொண்டே அத்தையைக் கேட்டாள்.

"ஹார்ட் அட்டாக் ஆன்ட்டி. வலி எப்ப ஆரம்பிச்சது?"

"இப்பதான், சாப்பிடறப்ப." அத்தைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"சுகர் இருக்கா?"

"இல்ல."

"சிகரெட்?"

"தொட்டதே இல்லம்மா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமாவுக்குத் தினமும் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுப்பதே அத்தைதான். வாசலில் நின்று மாமா சிகரெட் ஊதுவது தெருவுக்கே தெரியும். வெளியாட்களிடம் குடும்ப மானத்தை விட்டுக்கொடுக்காதவள் அத்தை. ஆனால் அதற்கு இதுவா நேரம்? மாமா முகம் வெளுத்துக் கிடந்தார். எனக்குப் பயம் தாங்கவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காலையிலிருந்தே வலி என்பதையும்தான்.

"காலைலேர்ந்தா?" என்ற டாக்டர் யாரையோ கத்திக் கூப்பிட்டாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அத்தை என்னைத் திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மானம் போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் மாமா வீடு திரும்பினார். நான்தான் காப்பாற்றினேன் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். அத்தை ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை.

போன வருடம் முட்டிவலிக்காக அத்தையை கிளினிக்குக் கூட்டிப்போனேன். காத்திருந்தபோது, அன்றைக்கு ஏன் பொய் சொன்னாய் என்று விளையாட்டாகக் கேட்டேன். அத்தை சிரிக்கவில்லை.

"எங்கப்பாவ ஆஸ்பிட்டலுக்குக் கொண்டுபோனப்பவும் இதே கேள்விதான்மா கேட்டாங்க. சுகரா, சிகரெட்டா, வலி வந்து ரொம்ப நேரமாச்சான்னு. எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னேன். ஒவ்வொரு ஆமாவுக்கும் டாக்டர் மூஞ்சி வாடிட்டே போச்சு. அப்பா வீட்டுக்கு வரவே இல்ல."

அன்று ஒவ்வொரு 'இல்ல'யிலும் அத்தை மாமாவை வீட்டுக்குத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.