லண்டன் மாதிரி ஒரு தெரு

போன வருசம், மொன்றியலில மரங்கள் நிறம் மாறத் தொடங்கின நேரம் நடந்த கதை இது. நாங்கள் பார்க் எக்ஸ்டென்ஷனில மேல்வீட்டில இருக்கிறம். அம்மா லண்டனில தம்பியோட இருந்தவ. என்னைப் பாக்க வந்த இடத்தில நெஞ்சு வருத்தம் வந்து, ஒப்பரேசனும் செய்து, இனிப் பிளேன் ஏறக்கூடாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்.

அந்தக் கோடையிலதான் தம்பி போயிட்டான். வேலைக்குப் போற வழியில மாரடைப்பு. அம்மாவுக்குச் சொன்னா அவவும் போயிடுவா எண்டு எல்லாரும் சேர்ந்து மறைச்சம். எங்கட ஆக்கள் வழமையாச் செய்யிற வேலைதானே. செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவு அண்டைக்கு, லண்டனில அவனுக்கு விருப்பமான சாப்பாடெல்லாம் அவன்ர படத்துக்கு முன்னால படைச்சதை, நான் கீழ றோட்டில நிண்ட காருக்குள்ள இருந்து போனில பாத்து வாய்விட்டு அழுதன். பிறகு கண்ணைத் துடைச்சுப்போட்டு மேல போய் அம்மாவுக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன்.

அந்த முதல் கிழமை முழுக்க, தம்பி ஏன் போன் எடுக்கிறானில்லை எண்டு அவ கேட்டா, நைட் ஷிப்ட் எண்டு சமாளிப்பன். பிறகு அதைக் கேக்கிறதையே விட்டிட்டா. "என்னை ஒருக்கா லண்டனுக்குக் கொண்டுபோய் விடு" எண்டு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தா. சாப்பாடும் குறைஞ்சு போச்சு. எனக்குச் சரியான பயம்.

என்ர மனுசன்தான் சொன்னார், "பொஸ்டனில ஒரு பகுதி அப்பிடியே லண்டன் மாதிரி இருக்குமப்பா. காரில போகலாம். அம்மாவுக்கு ஒரு ஆறுதலா இருக்கும்." அம்மாவும் உடன ஓம் எண்டா. போற அண்டைக்கு விடிய எழும்பி, கன நாளைக்குப் பிறகு அடுப்படிக்குள்ள போய் மட்டன் ரோல்ஸ் பொரிச்சா. வழியில சாப்பிடத்தானே எண்டு நான் சந்தோசப்பட்டன்.

மனுசன் சொன்னது உண்மைதான். ஒண்டோட ஒண்டு ஒட்டின செங்கல் வீடுகள், கறுப்பு இரும்புக் கம்பிகள், பழங்காலத்துத் தெரு விளக்கு. லண்டனில மாதிரியே மழையும் தூறிக்கொண்டு நிண்டுது. அவர் காரை விட இடம் தேடிப் போக, நானும் அம்மாவும் மெதுவா நடந்தம். கறுப்புக் கதவு போட்ட ஒரு வீட்டுக்கு முன்னால அம்மா நிண்டிட்டா. தம்பி வீட்டுக் கதவும் கறுப்புத்தான்.

படியில குந்திக்கொண்டு பையைத் திறந்தா. ஈயப்பேப்பரில சுத்தின ரோல்ஸை எடுத்துக் கதவடியில விரிச்சு வைச்சுக் கும்பிட்டா.

"அம்மா, என்ன செய்யிறியள்?"

"நீ காருக்குள்ள இருந்து அழேக்கை நான் மேல ஜன்னலடியில நிண்டனான் பிள்ளை. அண்டைக்கே விளங்கீட்டுது. நான் அழுதா நீ பயந்திடுவாய் எண்டு பேசாமல் இருந்தன். ரோல்ஸ் எண்டா அவனுக்கு உயிர், அவனுக்கெண்டு நான் ஒண்டுமே படைக்கேல்லையே."

சொல்லிப்போட்டு, "என்ர ராசா" எண்டு குழறி அழத் தொடங்கீட்டா.

கதவு திறந்தது. வீட்டுக்கார வெள்ளைக்காரர், ஆருக்கும் காத்திருக்கிறீங்களோ எண்டு நல்ல மாதிரித்தான் கேட்டார். "மை சன்" எண்டா அம்மா. அந்த வெள்ளைக்காரர் ஒண்டும் விளங்காமல் வீட்டுக்குள்ள திரும்பிப் பாத்தார். எனக்கு வெக்கமாப் போச்சு. அவரிட்ட மன்னிப்புக் கேட்டு, ரோல்ஸை அவசரமா அள்ளிச் சுத்தினன். ஐயோ, படைச்ச சாப்பாட்டை! அம்மாவின்ர அழுகை அந்த இடத்திலயே நிண்டுபோச்சு.

மொன்றியல் வரும்வரைக்கும் அந்தப் பார்சலை மடியில வைச்சிருந்தா. பிறகு லண்டன் எண்ட பேச்சே இல்லை. அழவும் இல்லை. மாசி மாதம் ஒருநாள் நித்திரையிலயே போயிட்டா.

அவவின்ர எட்டுச் செலவுக்கு நான் மட்டன் ரோல்ஸ்தான் பொரிச்சன். அது அவவுக்குப் பெரிசா விருப்பமில்லாத சாப்பாடு எண்டு எனக்குத் தெரியும். ஆரோ ஒரு வெள்ளைக்காரனுக்கு முன்னால வெக்கப்படாமல், அந்த வாசலில அவவை இன்னும் கொஞ்ச நேரம் அழ விட்டிருக்கலாமே எண்ட நினைப்பு மட்டும் எனக்கு இண்டைக்கும் ஆறேல்லை.