சினேகா இருமினாள்

அடி அண்ணாமலையில் வல்லரசுவுக்கு இரண்டு வேலை. ஒன்று பம்புசெட் ரிப்பேர். இன்னொன்றை அவன் கேட்டு வாங்கவில்லை, ஊர்தான் அவன் தலையில் கட்டியது. கிணற்றிலோ ஏரியிலோ யாராவது விழுந்து செத்தால், மூச்சைப் பிடித்து முங்கி உடலை மேலே கொண்டு வருவான். கொண்டு வரும்வரை "ராசா, சாமி" என்பார்கள். மறுவாரமே கல்யாணப் பந்தியில் அவனுக்குப் பக்கத்து இலை காலியாகக் கிடக்கும். நன்றி கெட்ட ஜென்மங்கள்!

அவனுக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு தடவையாவது ஒருத்தரை உயிரோடு தூக்கிவிட வேண்டும். அதற்காகவே புதுச்சேரிக்குப் போய் ஸ்கூபா டைவிங் கற்று, அதற்கு மேல் மீட்புப் பயிற்சியிலும் சேர்ந்தான். பயிற்சியாளர் பூஜா, மூழ்குகிறவளைப் போல் நடித்து அவன் முகமூடியைப் பிடுங்கி எறிவாள். பின்பக்கமாகப் போய்ப் பிடிக்கத் தெரியும்வரை விடமாட்டாள், ராட்சசி. உப்புத் தண்ணீர் குடித்துக் குடித்து அவனுக்கு வாந்தியே வந்தது.

"உங்க ஊர்ல முங்கினவங்கள என்ன பண்ணுவாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"தலைகீழா தூக்கிச் சுத்துவாங்க மேடம். குடிச்ச தண்ணி வெளிய வரணும்ல?"

"அதான் கொல்லுது. தண்ணிய விடுங்க. மூச்சு இல்லன்னா உடனே வாயில வாய் வெச்சு ஊதுங்க."

ஊர் திரும்பிய மாதமே சடையனின் மகள் சினேகா கிணற்றில் விழுந்தாள். ஐந்தாவது படிக்கிற பிள்ளை. பக்கத்துக் கொல்லையில் மோட்டார் கழற்றிக்கொண்டிருந்த வல்லரசு, அலறல் கேட்டு ஓடிவந்து அப்படியே குதித்தான். அடியில், சேற்றோரம், அவள் சடை கையில் அகப்பட்டது.

மேலே கொண்டுவந்து கிடத்தினான். மூச்சில்லை. கழுத்தில் நாடி மட்டும் துடித்தது. மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினான். பிஞ்சு நெஞ்சு எழும்பியது. மறுபடி ஊதினான். இருமினாள். ஐயோ, இருமினாள்! அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த மூச்சுக்குக் குனிந்தான்.

"டேய்! பொணம் தொட்ட வாயிடா அது! எம் பொண்ணு வாயிலயா வெக்கிற?"

ஓடிவந்த சடையன் எட்டி உதைத்தான். மச்சான்கள் இரண்டு பேர் வல்லரசுவை அமுக்கிக்கொண்டார்கள்.

"அண்ணே, மூச்சு வருதுண்ணே! சுத்தாதண்ணே! ஊத விடுண்ணே!"

யார் கேட்டார்கள்? பெற்றவனே பிள்ளையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றினான். தண்ணீர் கொட்டக் கொட்ட, "வருது, வருது" என்று கூட்டம் கூவியது. இறக்கியபோது நாடியும் இல்லை. வல்லரசு திமிறி வந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்தினான், ஊதினான். அப்போது மட்டும் யாரும் தடுக்கவில்லை. இப்போது அவளும் பிணம்தானே.

காரியம் முடிந்ததும் சடையன் அவன் வாசலில் வந்து நின்றான்.

"வல்லரசு, மறைக்காம சொல்லு. நான் புடுங்கறப்போ பாப்பாவுக்கு உசுரு இருந்துச்சா? இருமினான்னு சொல்றாங்களே."

இருந்தது என்ற சொல் வல்லரசுவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சடையனின் கைகளைப் பார்த்தான். பிள்ளையைக் காலைப் பிடித்துச் சுற்றிய கைகள்.

"இல்லண்ணே. நான் எடுக்கறப்பவே போயிட்டா. அது தண்ணி வந்த சத்தம். பதட்டத்துல கத்திட்டேன்."

சடையன் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். பிறகு டீக்கடையில் போய் அதை அப்படியே சொன்னான். ஊர் சும்மா இருக்குமா? "கடல்ல போய் படிச்சும் பொணந்தான் எடுத்துனு வந்தான்" என்றது. வல்லரசு அதைக் கேட்டுக்கொண்டே டீயைக் குடித்தான்.