மாப்பிள்ளை படத்துக்குப் போட்ட மாலை

குழந்தைகளே, பொங்கலுக்கு வெள்ளையடித்ததும் வீட்டுப் போட்டோக்களை வரிசையாக மாட்டி, அழகுக்காக எல்லாவற்றுக்கும் சாமந்தி மாலை போட்டேன். சின்னமனூரிலிருந்து வந்த என் தங்கை, கொழும்பில் வேலை பார்க்கும் தன் புருஷன் படத்தில் மாலையைப் பார்த்ததும் வாசலிலேயே விழுந்து அழுதாள்.

“எப்பண்ணே போனாக? எனக்கு ஏன் சொல்லல?”

“மாப்பிள்ளை நல்லா இருக்காக ஆத்தா. அழகுக்குத்தான் போட்டேன்.”

எத்தனை சொல்லியும் அவள் நம்பவில்லை. கடைசியில் என் படத்தைக் காட்டினேன்.

“இங்கன பாரு, எனக்கும்தான் மாலை தொங்குது. நானென்ன செத்தா போயிட்டேன்?”

அழுகை நின்றது. “உங்களுக்குப் புத்திதான் செத்துப்போச்சு” என்று மாலைகளைப் பிய்த்தெறிந்தாள். பொங்கலன்றும் என்னோடு பேசவில்லை.

இப்போது படங்களைப் பெட்டியில் வைத்து, ஞாயிறுதோறும் உங்களுக்கு ஒவ்வொருவர் கதையாகச் சொல்கிறேன். தங்கை வரும் நாளில் பெட்டியையே திறப்பதில்லை.