ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கச் சொன்னவர்

என் நாத்தனார் சண்முகவடிவு தம்முடைய உடல்நிலையை யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டார் என்று இரங்கல் கூட்டத்தில் மூன்று பேர் பேசினார்கள். யாருக்கும் தொந்தரவு தரக் கூடாது என்று எல்லாவற்றையும் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டாராம். பாராட்டாகத்தான் சொன்னார்கள். கேட்டவர்களும் தலையசைத்தார்கள். ஆனால் அது உண்மை இல்லை. வடிவு எதையும் மறைக்கிறவர் அல்லர். சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டிய இடத்தில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்னார். அப்போது நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அதைத் திருத்தவே நம் புனே தமிழ் மன்றத்தின் மலருக்கு இதை எழுதுகிறேன். உயிரோடு இருந்தவரை அவரை நான் "நீ, வா, போ" என்றுதான் கூப்பிட்டேன். இங்கே "அவர்" என்று எழுதுவதைப் பார்த்தால் சிரித்திருப்பார். சிரிக்கட்டும். அச்சில் ஒருவரைப் பற்றி எழுதும்போது உரிய மரியாதையோடும், கண்ணால் கண்டதை மட்டுமே வைத்தும் எழுத வேண்டும் என்று பாளையங்கோட்டையில் என் கான்வென்ட் சிஸ்டர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் இந்த வயதில் மாறப்போவதில்லை.

செய்தி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. கோர்படியில் என் வீட்டு வாசலில் நின்று கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆகுர்டியில் வடிவு குடியிருந்த கட்டடத்தின் கீழ்வீட்டு அம்மாள் போனில் கூப்பிட்டார். "தீதி, ஜல்தி ஆயியே" என்பதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. சீக்கிரம் வாருங்கள் என்றால் என்ன பொருள் என்று அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது.

மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பியவர், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் படி திரும்பும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழுந்திருக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவரை வீட்டுக்குள் கிடத்தியிருந்தார்கள். பை மட்டும் படியிலேயே இருந்தது. சுவரோரம் நேராக நின்றது. ஒரு வெந்தயக்கீரை இலைகூடச் சிந்தவில்லை. முதலில் பையைச் சாயாமல் வைத்திருக்கிறார். அதன்பிறகுதான் தாம் உட்கார்ந்திருக்கிறார். அவரை அறியாதவர்களுக்கு அவரைப் பற்றி இதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

நான் திருமணமாகிப் புனே வந்த சில வருடங்களில், டிப்ளமா முடித்துவிட்டு வடிவும் எங்களோடு தங்க வந்தார். என் கணவருக்கு ஒரே தங்கை. ஆகுர்டிப் பக்கம் ஒரு வாகனத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. செய்து முடித்த இன்ஜின்களைப் பாரம் ஏற்றி ஓட்டிச் சோதிக்கும் பிரிவு. அங்கே அவர் ஒருவர்தான் பெண். முதல் நாள் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, "மேடம், நீங்கள் இங்கேயே உட்காருங்கள், சத்தம் அதிகம்" என்றார்களாம். அவர் நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய் இன்ஜினுக்குப் பக்கத்தில் போட்டு, அதன்மேல் தம் கைப்பையை வைத்துவிட்டு, நின்றுகொண்டே வேலை பார்த்திருக்கிறார். ஓய்வு பெறும்வரை அப்படித்தான் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் அன்று மயானத்தில் என்னிடம் சொன்னார்கள்.

வீட்டிலும் அதே கறார்தான். மிக்ஸி கெட்டுவிட்டது என்று சொல்ல எனக்கு அனுமதி கிடையாது.

"கெட்டுப்போச்சுன்னா என்ன அர்த்தம், மதினி? எதை அரைக்கும்போது? எடுத்ததுமேவா, சூடானப்பறமா? சத்தம் மாறுச்சா?"

"எனக்குச் சட்னி வேணும், வடிவு. சாட்சி விசாரணை வேண்டாம்."

"சாட்சி ஒழுங்காச் சொன்னாத்தானே சட்னி வரும்?"

நான் அவருடைய ஆங்கிலத்தைத் திருத்துவேன். அவர் என்னுடைய புகார்களைத் திருத்துவார். இரண்டு பிடிவாதக்காரிகளுக்கு நடுவில் என் கணவர் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்வார். பிறகு வடிவு தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே மூன்றாவது மாடியில் வீடு வாங்கிக்கொண்டு போனார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்கான காரணத்தை யாரும் அவரிடம் கேட்டதில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் லோக்கல் ரயிலில் எங்கள் வீட்டுக்கு வருவார்.

என் கணவர் மறைந்த மறுவருடம், அவர் ஓட்டிய டீசல் கார் தளர ஆரம்பித்தது. அப்போதே அது பழைய வண்டி. சமதரையில் ஒரு குறையும் இல்லை. மேம்பாலம் வந்தால் எவ்வளவு மிதித்தாலும் இழுக்காது. பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடித்து, ஒதுங்கிப் போகும்போது என் நரைத்த தலையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். கேரேஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் வண்டியை நிறுத்திய இடத்திலேயே பானெட்டைத் திறந்து இன்ஜினை உறுமவிட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "காடி புட்டீ ஹோ கயீ, மேடம்" என்றார். வண்டி கிழவியாகிவிட்டதாம், விற்றுவிட வேண்டுமாம். என் கணவரின் கை பட்ட ஸ்டியரிங்கை யாருக்கோ கொடுத்துவிட்டு வீட்டில் உட்காரும் உத்தேசம் எனக்கு இல்லை.

ஞாயிறு வந்ததும் வடிவிடம் சொன்னேன்.

"கிழவியாயிட்டா?" என்று எழுந்தே விட்டார். "வயசு ஒரு பழுதா, மதினி? வயசாச்சுன்னு சொல்லுதவன் தேடுறதை நிப்பாட்டிட்டான்னு அர்த்தம். நீங்க சொல்லுங்க. சமதரையில?"

"நல்லாத்தான் போவுது."

"ஏத்தத்துல?"

"இழுக்கலை."

"புகை?"

"கண்ணாடியில பார்த்தேன். கறுப்பா வருது."

"அப்போ டீசல் போவுது. காத்துதான் பத்தலை" என்றார். காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. "வழியில எங்கேயோ கசியுது. நின்ன இடத்துல தெரியாது. ஏத்தத்துல, பாரத்தோட ஓட்டிப் பாக்கணும்."

அன்று எங்கள் வீட்டில் பஜனை. பாரத்துக்குப் பஞ்சமில்லை. பாடி முடித்தவர்களில் மூன்று பேரை வடிவு தேர்ந்தெடுத்துப் பின்சீட்டில் ஏற்றினார். அவர்களில் ஒருவர் எங்கள் தோழி ராஜம். தஞ்சாவூர்க்காரர், நல்ல ஆகிருதி.

"ஏண்டி வடிவு, என்னை மனுஷின்னு நெனச்சியா, அரிசி மூட்டைன்னு நெனச்சியா?"

"மூட்டை பேசாது, ராஜம். அதுதான் வித்தியாசம்."

கத்ரஜ் மலைப்பாதைக்குப் போனோம். நான் ஓட்டினேன். வடிவு என் பக்கத்தில் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ஏற்றம் தொடங்கும் நேரத்தில், டாக்டருக்குப் படித்த தம் மகன் கராடியில் சொந்தமாகக் கிளினிக் திறக்கப்போகும் கதையை ராஜம் ஆரம்பித்தார்.

"மவன் கதையை இறக்கத்துல கேக்கேன், ராஜம். இப்போ வண்டி பேசட்டும்."

ராஜம் கதையை நிறுத்தினார். இரண்டாவது வளைவு தாண்டியதும் வண்டி தளர்ந்தது. அப்போது கேட்டது: குக்கர் விசில் வருவதற்குமுன் வருமே, அதுபோல ஒரு சீறல். காலை எடுத்தால் நின்றது. மிதித்தால் மறுபடியும் வந்தது.

"கேட்டியளா, மதினி?" கண்ணைத் திறக்காமலேயே சிரித்தார்.

ஓரமாக நிறுத்தி, இன்ஜின் சூடு தணியும்வரை காத்திருந்து, இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் தடித்த ரப்பர்க் குழாயின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். இறுக்கிக் கட்டிய பட்டைக்குக் கீழே, எண்ணெய்ப் பிசுக்குக்குள், ஒரு பிளவு. என் கையைப் பிடித்து அதில் வைத்து, குழாயை லேசாக வளைத்தார். பிளவு விரிந்தது. விட்டார். மூடிக்கொண்டது.

"நிக்கும்போது வாயை மூடிக்கிடும். பாரம் வந்தாத்தான் திறக்கும். நிறுத்தி வச்சு எத்தனை தடவை பாத்தாலும் நல்லாருக்குன்னுதான் தோணும்" என்றார். பிறகு பின்னால் திரும்பி, "ராஜம், இப்போ சொல்லு உன் மவன் கதையை" என்றார். இறக்கம் முழுவதும் கேட்டார். கிளினிக் திறந்த அன்று மாலையோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தவரும் அவர்தான். குழாய் மாற்றிய வண்டி இன்றுவரை ஓடுகிறது.

இந்த வருடம் மழை ஓய்ந்த சமயத்தில், ஒரு ஞாயிறு அன்று வடிவு என்னிடம் சொன்னார்: "மதினி, சமதரையில எவ்வளவு தூரம்னாலும் நடக்கேன். ரெண்டாவது மாடி தாண்டும்போது நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடிக்க மாதிரி இருக்கு. நின்னா விட்டுடுது." அந்த வாரமே ராஜத்தின் மகனிடம் போனோம். நமக்கு உடம்புக்கு வந்தால் அவரிடம் போவதுதானே வழக்கம். புனேயில் எத்தனை டாக்டர்கள் இருந்தாலும், நம் பேச்சு புரிகிற பிள்ளை.

நல்ல பிள்ளைதான். எழுந்து நின்று வரவேற்றார். வடிவை உட்காரவைத்து நாடி, ரத்த அழுத்தம் பார்த்தார், படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தார். "எல்லாம் நார்மல், ஆன்ட்டி. வயசுதான். கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கோ" என்றார்.

வடிவு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தம்பி, உக்காந்திருக்கும்போது எனக்கும் நார்மல்தான். ஏறும்போதுதான் நெஞ்சு இறுகுது, மூச்சு முட்டுது. வெளியில மாடிப்படி இருக்கே. ஏறிக் காட்டட்டுமா? நீங்க கூட வந்து பாருங்க."

டாக்டர் சிரித்தார். "ஐயோ, வேண்டாம் ஆன்ட்டி. இந்த வயசுல எதுக்கு ஸ்டெப்ஸெல்லாம்?"

வெளியே வந்து காரில் ஏறினோம். பாலத்தருகே சொன்னார்: "நிறுத்தி வச்ச வண்டியைப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லுதான், மதினி."

வேறு டாக்டரிடம் உடனே போகலாம் என்றேன். கோபமாகவே சொன்னேன். அவர் சம்மதித்தார், ஆனால் தவணை கேட்டார். "இப்போ போனா ராஜத்துக்குத் தெரிஞ்சுடும். எம்பிள்ளை மேல நம்பிக்கை இல்லையான்னு கேப்பா. தீவாளிக்கு எல்லாரும் அவ வீட்டுலதான் கூடுதோம். அது கழியட்டும்." இத்தனை ஆண்டுகள் ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு, ஒருவர் மனம் நோகாமல் இருப்பது அவ்வளவு பெரிதாகிவிட்டது. தீபாவளி வருவதற்குள் அந்த வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

இரங்கல் கூட்டத்தில் முதலில் பேசி அழுதவர் ராஜம். அவருடைய கண்ணீர் உண்மையானது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கூட்டம் முடிந்ததும், வடிவு மறைத்தார் என்று யார் சொன்னது என்று அவரிடம் தனியே கேட்டேன். "எம்பிள்ளைகிட்டகூட ஒண்ணும் சொல்லலையாமேடி! சும்மா செக்கப்புன்னுதான் வந்தாளாம்" என்றார். தமக்குச் சொல்லப்பட்டதைத்தான் ராஜம் மேடையில் சொன்னார். மற்ற இருவரும் ராஜத்திடம் கேட்டதைச் சொன்னார்கள்.

போன ஞாயிறு நான் தனியாகக் கத்ரஜ் ஏற்றத்துக்குப் போனேன். வடிவின் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டேன். இரண்டாவது வளைவில் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். வண்டி ஒரே சீராக ஏறியது. காற்று உள்ளே வந்து அந்தக் காலி சீட்டின் உறையை அசைத்துக்கொண்டே இருந்தது. வேறு சத்தம் இல்லை.

வடிவு, இனி "அவர்" வேண்டாம். நீ சாட்சியை ஒழுங்காகச் சொல்லிவிட்டுத்தான் போனாய். போய் வா.

கடைசியாக, டாக்டர் தம்பிக்கு. உங்களுக்குத் தமிழ் வாசிக்கக் கொஞ்சம் தடுமாறும் என்று அறிவேன். அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவரும் அன்று அந்தப் பின்சீட்டில் இருந்தவர். மாடி ஏறவைத்துப் பார்த்திருந்தால் வடிவு இன்று இருந்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல வடிவு விடமாட்டார். உங்கள்மேல் புகார் கொடுக்கும் எண்ணமும் எனக்கு இல்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது, ஏறிக் காட்டட்டுமா என்று வடிவு உங்களிடம் கேட்டாரா, இல்லையா? போனில் வேண்டாம். நேரில் வந்து ஆறுதல் சொல்லவும் வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்புங்கள்.